656 கிலோமீட்டரில் குடும்பத்துக்குக் கிடைப்பது எவ்வளவு? எக்ஸ்இவி 9இ விவரப்பட்டியலைக் கணக்குப் போட்டுப் படிப்போம்

மின்சாரக் கார் வாங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "ஃபுல் சார்ஜ் போட்டால் எவ்வளவு ஓடும்?" என்பதுதான். மஹிந்திரா எக்ஸ்இவி 9இ காரில் பெரிய பேட்டரிக்கு விவரப்பட்டியல் சொல்லும் பதில் 656 கிலோமீட்டர். ஐந்து பேர் ஏறி, டிக்கி நிறையப் பெட்டி வைத்து, ஏசி போட்டு, நான்குவழிச் சாலையில் 100 கிலோமீட்டர் வேகத்தில் போனால் அதே கார் 420 கிலோமீட்டர் அளவில் நிற்கும். இரண்டு எண்ணிலும் பொய் இல்லை. இடையில் இருக்கும் 236 கிலோமீட்டர் எங்கே போகிறது என்று தெரிந்தவர் வழியில் தவிக்க மாட்டார்.

இந்தக் காரை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. இது 2024 நவம்பர் 26 அன்று சென்னையில் அறிமுகமானது. மஹிந்திராவின் ஆராய்ச்சி மையம் செங்கல்பட்டுப் பக்கம், சோதனை ஓட்டப் பாதை செய்யாறில். கார் உருவாவது புனே அருகே சாக்கனில். அறிமுக விலை 21.90 லட்சம் முதல் 30.50 லட்சம் வரை, ஷோரூம் விலையாக. வீட்டுச் சார்ஜருக்கும் அதைப் பொருத்துவதற்கும் தனிச் செலவு. இந்த விலையில் குடும்பத்துக்கென்று கார் தேடுபவர்கள் பெரும்பாலும் இதையும் பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்கிறார்கள்.

ஒரு சொல்லை முதலிலேயே தெளிவாக்கிவிடுகிறேன். பட்டியலில் வரும் 'கிலோவாட் மணி' என்பதும் நம் ஈபி கார்டில் எழுதும் 'யூனிட்' என்பதும் ஒன்றே. 79 கிலோவாட் மணி பேட்டரி என்றால் 79 யூனிட் கரண்டு பிடிக்கும் தொட்டி. இனி யூனிட் என்றே எழுதுகிறேன். கணக்கு மனதில் நிற்கும்.

அடிப்படை விவரங்கள் இவை. பேட்டரி 59 யூனிட், 79 யூனிட் என இரண்டு அளவு. இரண்டும் எல்எஃப்பி எனப்படும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை. மோட்டார் பின்பக்கம், பின்சக்கரங்களைத்தான் இழுக்கும். அதன் சக்தி சிறிய பேட்டரியோடு 170 கிலோவாட், பெரியதோடு 210 கிலோவாட். டார்க் எனப்படும் சுழற்றும் விசை இரண்டிலும் 380 நியூட்டன் மீட்டர். பெரியது 0 முதல் 100 வரை போக 6.8 விநாடி. நீளம் 4,789 மில்லிமீட்டர், அகலம் 1,907, உயரம் 1,694, முன் பின் சக்கரங்களுக்கு இடையே 2,775. தரையிலிருந்து இடைவெளி 207 மில்லிமீட்டர். டிக்கி 663 லிட்டர், முன் பானட்டுக்குள் இன்னொரு 150 லிட்டர். ஐந்து இருக்கை. ஏழு பேர் உட்கார வேண்டும் என்றால் 2025 நவம்பரில் வந்த எக்ஸ்இவி 9எஸ் பக்கம் போக வேண்டும்; அதுவும் இதே அடித்தளத்தில் எழுந்த கார்தான்.

மூன்று 12.3 அங்குலத் திரை, பாட்டுப்பெட்டி, கண்ணாடிக் கூரை இவற்றைப் பற்றி எழுத எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவற்றைத் தாண்டிப் போகிறேன்.

ஓட்டத்தின் கணக்கு

656 என்ற எண் எம்ஐடிசி என்னும் இந்தியச் சோதனைச் சுழற்சியில் கிடைத்தது. இந்தச் சோதனை ஆய்வுக்கூடத்தில் உருளை மேல் காரை ஏற்றி ஓட்டுவது. அதில் நகர ஓட்டம் ஒரு பகுதி, வெளிச்சாலை ஓட்டம் இன்னொரு பகுதி. வெளிச்சாலைப் பகுதியிலும் உச்ச வேகம் 90 கிலோமீட்டர்தான், அதுவும் சிறிது நேரமே. ஏசி ஓடாது. எதிர்க்காற்று கிடையாது. ஐந்து பேரும் பெட்டிகளும் ஏற்றிய எடை கிடையாது. 79 யூனிட்டில் 656 கிலோமீட்டர் என்றால் 100 கிலோமீட்டருக்கு 12 யூனிட். இரண்டு டன்னைத் தாண்டும் காரை நெடுஞ்சாலையில் அந்த அளவில் ஓட்ட முடியாது. இதே காருக்கு ஐரோப்பியச் சோதனை முறைப்படி சொன்ன எண் 533. நிறுவனமே தினசரி ஓட்டத்தில் 500-க்கு மேல் என்றுதான் சொன்னது. அடுத்தடுத்த கார்களை ஒப்பிட மட்டும் 656 பயன்படட்டும். அப்போதும் எதிர்க்காரின் எண் இரண்டு பகுதியும் சேர்ந்ததா, நகரப் பகுதி மட்டுமா என்று பார்த்துவிடுங்கள். பழைய பட்டியல்களில் நகரப் பகுதியை மட்டும் வைத்துப் பெரிய எண் போட்டிருப்பார்கள்.

இப்போது நம் கணக்கு. ஆட்களோடும் பெட்டிகளோடும் கார் 2,450 கிலோ என்று வையுங்கள். டயர் உருள்வதைத் தரை தடுக்கும் விசை ஏறக்குறைய 215 நியூட்டன். இது வேகத்தோடு அதிகம் மாறாது. காற்று தடுக்கும் விசை மட்டும் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். இந்த உருவத்துக்கு 80-இல் 213 நியூட்டன், 100-இல் 333, 120-இல் 480 என்று வைக்கலாம். பேட்டரியிலிருந்து சக்கரம் வரை வழியில் 12 விழுக்காடு வெப்பமாகப் போகும். நம் வெயிலுக்கு ஏசி மணிக்கு ஒன்றரை யூனிட் தின்னும். எல்லாவற்றையும் கூட்டினால் 100 கிலோமீட்டருக்கு ஆகும் செலவு 80 வேகத்தில் 15.4 யூனிட், 100 வேகத்தில் 18.8 யூனிட், 120 வேகத்தில் 23.2 யூனிட். 79 யூனிட்டை அதால் வகுங்கள்: 513, 420, 340 கிலோமீட்டர்.

இந்த மூன்று எண்ணையும் எழுதி டேஷ்போர்டில் ஒட்டி வைத்தாலும் தகும். 100-லிருந்து 120-க்குப் போனால் 80 கிலோமீட்டர் ஓட்டம் கழிகிறது. அதைச் சார்ஜரில் திரும்ப ஏற்ற ஆகும் நேரம், வேகமாகப் போய் மிச்சம் பிடித்த நேரத்தில் ஒரு பங்கைத் தின்றுவிடும். பெட்ரோல் காரிலும் இதே இயற்பியல்தான். ஆனால் அங்கே எஞ்சினே முக்கால் பங்கு எரிபொருளை வெப்பமாக்கி விடுவதால் காற்றின் தடை கண்ணில் படுவதில்லை. மின்சாரக் காரில் வீண் குறைவு. அதனால் காற்று எடுப்பது பளிச்சென்று தெரிகிறது.

எதிர்க்காற்றையும் இதே முறையில் சேர்க்கலாம். 20 கிலோமீட்டர் எதிர்க்காற்றில் 100-இல் போவதும், காற்றே இல்லாமல் 120-இல் போவதும் காற்றுத் தடை அளவில் ஒன்று. ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் மேல்காற்றை எதிர்த்துக் கோவைப் பக்கம் போகிறவர்கள், சேலம் தாண்டியதும் மீட்டர் ஏன் இப்படி விழுகிறது என்று பதறுவார்கள். பேட்டரியில் கோளாறு ஒன்றும் இல்லை. திரும்பி வரும்போது அதே காற்று முதுகைத் தள்ளும், செலவு குறையும்.

மலை ஏற்றம் தனிக் கணக்கு. வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறக்குறைய 1,800 மீட்டர் உயர வேண்டும். 2,450 கிலோவை அந்த உயரத்துக்குத் தூக்க மட்டும் 12 யூனிட். வழி இழப்போடு 13.6 யூனிட். இது சாதாரண ஓட்டச் செலவுக்கு மேல் வருவது. பேட்டரியில் 17 விழுக்காடு. எனவே அடிவாரத்தில் 40 விழுக்காட்டுக்குக் குறைவாக இருந்தால் ஏறாமல் சார்ஜ் போட்டுவிட்டு ஏறுவது நல்லது. மேலே சார்ஜர் பழுதாக இருந்தாலும் இறங்கிவிடலாம். இறக்கத்தில் செலவு ஏதும் இருக்காது. இறங்கும்போது மோட்டாரே ஜெனரேட்டராகி 6 யூனிட் அளவு திருப்பித் தரும். ஆனால் மேலே விடுதியில் 100 விழுக்காடு ஏற்றிவிட்டு இறங்கத் தொடங்கினால் திரும்பி வரும் கரண்டை வைக்க இடம் இருக்காது. பேட்டரி அதை ஏற்க மறுக்கும், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் கிடைக்கும் இழுப்பு குறையும், முழுச் சுமையும் பிரேக் டிஸ்க் மேல் விழும். இரண்டரை டன் கார், 60 கிலோமீட்டர் இறக்கம். மேலே 80 விழுக்காட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

20 நிமிடம் என்பது யாருக்கு

பட்டியலில் கவர்ச்சியான வரி: 175 கிலோவாட் டிசி (நேர்மின்சார) வேகச் சார்ஜரில் 20-லிருந்து 80 விழுக்காடு வரை 20 நிமிடம். 79-இல் 60 விழுக்காடு என்றால் 47 யூனிட்; அதை 20 நிமிடத்தில் ஏற்ற சராசரி 142 கிலோவாட் வேண்டும். கார் அதை வாங்கத் தயார். கொடுக்கும் கை எங்கே என்பதுதான் கேள்வி.

நெடுஞ்சாலை ஓட்டல் வாசல்களில் அதிகம் காண்பது 60 கிலோவாட், இரண்டு கன் (காரில் செருகும் கைப்பிடி) வைத்த எந்திரம். தனியாக நின்றால் 47 யூனிட் ஏற 50 நிமிடம். பக்கத்துக் கன்னில் இன்னொரு கார் செருகிய நொடியில் 60 இரண்டாகப் பிரிந்து ஆளுக்கு 30 ஆகும். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும். ஆகவே செயலியில் "60 கிலோவாட்" என்று பார்த்ததும் கிளம்பிவிடாமல், ஒரு கன்னுக்கு எவ்வளவு, இப்போது எத்தனை கன் ஓடுகிறது என்பதையும் பாருங்கள்.

பெரிய எந்திரத்திலும் ஒரு கண்ணி இருக்கிறது. சார்ஜரின் கிலோவாட்டை வோல்ட்டும் ஆம்பியரும் பெருக்கித்தான் பெற வேண்டும். 400 வோல்ட் வகைப் பேட்டரிக்கு 175 கிலோவாட் போக 437 ஆம்பியர் வேண்டும். பல எந்திரங்களின் கேபிள் 200 அல்லது 250 ஆம்பியர்தான் தாங்கும். 250 ஆம்பியர் கேபிளில் 400 வோல்ட் பேட்டரிக்கு 100 கிலோவாட்டுக்கு மேல் வராது, எந்திரத்தின் மேல் 180 என்று எழுதியிருந்தாலும் சரி. 800 வோல்ட் காருக்கு அதே கேபிள் இரட்டிப்பாகத் தரும். முழு வேகம் வேண்டுமென்றால் திரவத்தால் குளிரூட்டிய தடித்த கேபிள் வைத்த சார்ஜரைத் தேட வேண்டும். எந்திரத்தின் பக்கவாட்டுத் தகட்டில் உச்ச ஆம்பியர் அச்சிட்டிருப்பார்கள். ஒருமுறை படித்துவிட்டால் அந்த இடத்தைப் பற்றி எப்போதைக்கும் தெரிந்துவிடும்.

80-க்கு மேல் ஏற்றும் வேகம் சரியும். செல் நிரம்பி வரும்போது வோல்ட் எல்லையைத் தாண்டாமல் இருக்க ஆம்பியரைக் குறைத்துக்கொண்டே போக வேண்டும். கடைசி 20 விழுக்காட்டுக்காக வரிசையில் பின்னால் நிற்பவரைக் காக்க வைப்பது நியாயமும் இல்லை, லாபமும் இல்லை.

சென்னை - மதுரையை எடுத்துக்கொள்வோம். திருச்சி வரை 330 கிலோமீட்டர், 100 வேகத்தில் 62 யூனிட். 100 விழுக்காட்டில் கிளம்பினால் திருச்சியில் மிச்சம் 17 யூனிட், அதாவது 21 விழுக்காடு. அங்கிருந்து மதுரைக்கு 140 கிலோமீட்டர், 26 யூனிட். போய்ச் சேரும்போது கையில் 8 யூனிட் இருக்க வேண்டும் என்றால் மொத்தம் 34. எனவே திருச்சியில் ஏற்ற வேண்டியது 17 யூனிட்டுதான். 60 கிலோவாட்டில் 20 நிமிடம், கன் பிரிந்து 30 ஆனாலும் 35 - 40 நிமிடம். சாப்பிடும் நேரத்தில் முடிந்துவிடும். குறைந்த விழுக்காட்டில் போய்ச் செருகுவதால் வேகமும் நன்றாக இருக்கும். திருச்சியில் முதல் சார்ஜர் ஓடவில்லையா? 17 யூனிட் என்பது இன்னும் 90 கிலோமீட்டர். நகருக்குள் வேறொன்றைத் தேடிப் போகலாம். பாதி வழியில் விழுப்புரம், உளுந்தூர்பேட்டையில் 50 - 60 விழுக்காட்டோடு நின்று ஏற்றுவதைவிட இதுவே எனக்குச் சரியாகப் படுகிறது. கைக்குழந்தை இருந்தால் கதை வேறு. அப்போது குழந்தை நிறுத்தும் இடத்தில் ஏற்றுங்கள்.

வீட்டுச் சார்ஜர்: தவறு அதிகம் நடக்கும் இடம்

சார்ஜரில் இரண்டு அளவு உண்டு. 7.2 கிலோவாட் என்பது ஒரு ஃபேஸில் 32 ஆம்பியர். 11.2 என்பது மூன்று ஃபேஸிலும் 16 ஆம்பியர். 79 யூனிட் பேட்டரி காலியிலிருந்து நிரம்ப முதலாவதில் 11.7 மணி, இரண்டாவதில் 8 மணி என்கிறது பட்டியல். 79-ஐ 7.2-ஆல் வகுத்தால் 11 மணிக்குச் சற்றுக் குறைவாகத்தான் வரும். மேலே வரும் முக்கால் மணி நேரம் இழப்பாலும் கடைசியில் வேகம் குறைவதாலும் வருவது.

உண்மையில் தினம் எவ்வளவு வேண்டும் என்று பாருங்கள். நாளுக்கு 50 கிலோமீட்டர் ஓட்டம் என்றால் 8 யூனிட். ஒரு ஃபேஸில் 16 ஆம்பியருக்குச் சார்ஜரைக் குறைத்து வைத்தால் 3.6 கிலோவாட், இரவு பத்து மணி நேரத்தில் இழப்பு போக 33 யூனிட் ஏறிவிடும். ஊர் ஓட்டத்துக்கு அது மூன்று நான்கு நாள் தேவை. எனவே வீட்டு வயரிங் பழையதாக இருந்தாலோ, ஒரே ஃபேஸில் ஏசியும் மோட்டாரும் இருந்தாலோ, 32-க்கு அடம் பிடிக்காமல் 16-இல் வைப்பது அறிவு. பெரும்பாலான சார்ஜர்களில் இந்த அளவைப் பொருத்தும்போது மாற்றி அமைக்க முடியும், எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள்.

32 ஆம்பியர்தான் வேண்டும் என்றால் மீட்டர் போர்டிலிருந்து தனி லைன். 20 மீட்டர் வரை 6 சதுர மில்லிமீட்டர் தாமிரம், அதற்கு மேல் 10. அடுக்ககத்தில் மீட்டர் அறையிலிருந்து பார்க்கிங் வரை 60 மீட்டர் இழுத்தால் 10 சதுர மில்லிமீட்டரிலேயே 7 வோல்ட் விழும்; இன்னும் தூரம் என்றால் 16. வெளியில் போகும் கேபிள் ஆர்மர்ட் (உலோகக் கவசமுள்ள) வகையாக இருக்கட்டும். 40 ஆம்பியர் இரட்டை முனை எம்சிபி (கரண்டு அளவு மீறினால் தானே விழும் சுவிட்ச்), 30 மில்லி ஆம்பியர் கசிவில் விழும் 40 ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்டு கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்). இந்த ஆர்சிசிபி 'ஏ' வகையாக இருக்க வேண்டும். கடையில் கேட்டதும் எடுத்துத் தருவது 'ஏசி' வகை. காரின் மின்னணுப் பகுதியிலிருந்து நேர்மின்சாரக் கசிவு வந்தால் அது உணராமல் போகலாம். சார்ஜருக்குள் 6 மில்லி ஆம்பியர் நேர்மின் கசிவைக் கண்டுபிடிக்கும் அமைப்பு இருந்தால் 'ஏ' போதும்; இல்லையென்றால் 'பி' வகைதான்.

"எர்த் ஃபால்ட்" என்று சிவப்பு விளக்கு எரிந்து சார்ஜர் நின்றால், பெரும்பாலும் சார்ஜரில் குறை இருக்காது. வீட்டு எர்த் குறையாக இருக்கும். மீட்டரை எடுத்து நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே அளக்கச் சொல்லுங்கள், அதுவும் இரவு எல்லா ஏசியும் ஓடும் நேரத்தில். இரண்டு மூன்று வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் குழியையும் நியூட்ரல் இணைப்பையும் பார்க்க வேண்டும். எர்த் தடை 5 ஓமுக்குள் இருக்கட்டும். சித்திரை வைகாசியில் மண் காய்ந்ததும் தடை ஏறும். குழியில் தண்ணீர் ஊற்றினால் சரியாகும். எர்த் இல்லை என்று சார்ஜர் சொல்வதை ஏமாற்ற நியூட்ரலையும் எர்த்தையும் பிளக்கிலேயே முறுக்கி விடும் வேலையை எந்த எலக்ட்ரீஷியனும் செய்ய விடாதீர்கள். நியூட்ரல் எங்காவது அறுந்தால் காரின் உடல் முழுக்க 230 வோல்ட் நிற்கும். ஈரத்தரையில் குழந்தை கதவைத் தொடும்.

ஊருக்குப் போனால் அங்கே 15 ஆம்பியர் பிளக் பாயிண்ட்டுதான். அதில் மணிக்கு 3 யூனிட். முழுக்க நிரம்ப ஒரு நாளைத் தாண்டும். கீசர் 15 நிமிடம் ஓடும், கார் 15 மணி நேரம் ஓடும், இதுதான் வேறுபாடு. சாக்கெட்டின் பின்னால் ஒரு திருகு தளர்ந்து 0.1 ஓம் தடை வந்தாலே 16 ஆம்பியரில் 25 வாட் வெப்பம் அந்த இடத்தில் பிறக்கும். 25 வாட் என்பது சால்டரிங் அயர்னின் அளவு. அதை இரவு முழுக்கப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் எரிய விட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அரை மணி கழித்துப் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் உடனே நிறுத்துங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டவே வேண்டாம்.

ஈபி பக்கம் ஒரு சொல். மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டினால் இழப்போடு சேர்த்து 190 யூனிட், இரண்டு மாத பில்லில் 380. ஏற்கெனவே 300 யூனிட் எரிக்கும் வீடு 500-ஐத் தாண்டிவிடும். தமிழ்நாட்டு வீட்டுக் கட்டணத்தில் 500-ஐத் தாண்டினால் மேலே உள்ள யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை. 101 முதல் 200 வரை கிடைத்த மலிவு விலையும் போய்விடும். ஓட்டச் செலவைக் கணக்கிடும்போது பில்லின் சராசரி விலையை எடுக்காமல், கார் வந்தபின் கூடும் தொகையை 380-ஆல் வகுத்துப் பாருங்கள். 11.2 பொருத்துவதாக இருந்தால் அனுமதித்த லோடையும் உயர்த்தி வாங்க வேண்டும்.

எல்எஃப்பி பேட்டரியின் குணம்

நிக்கல் கலந்த பேட்டரியைவிட இது எடை கூடுதல், ஆனால் ஆயுள் நீளம், வெப்பத்தைத் தாங்கும் குணமும் கூடுதல். நம் ஊருக்கு இதைத்தான் நான் தேர்வேன். ஒரே சங்கடம், இதன் வோல்ட் தட்டையாக ஓடும். 30 விழுக்காட்டிலும் 70 விழுக்காட்டிலும் செல் காட்டுவது ஏறக்குறைய 3.3 வோல்ட்டுதான். வோல்ட்டைப் பார்த்து எவ்வளவு மிச்சம் என்று காரால் சொல்ல முடியாது. உள்ளே போனதையும் வெளியே வந்ததையும் எண்ணிக் கூட்டிக்கொண்டே இருக்கும். அந்தக் கூட்டலில் சிறு பிழை நாள்தோறும் சேரும். நிரம்பும் கட்டத்தில் மட்டும் வோல்ட் சட்டென்று எழும். அப்போதுதான் கார் தன் கணக்கைச் சரிசெய்து, செல்களையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவரும். மாதக் கணக்கில் 80-லேயே நிறுத்தி ஓட்டுபவர்களுக்கு ஒருநாள் 12 விழுக்காடு காட்டிக்கொண்டிருந்தது திடீரென 4-க்கு இறங்கும். நீண்ட பயணத்துக்கு முந்தின இரவு மெதுவாக வீட்டு ஏசி (மாறுமின்சார) சார்ஜரில் 100 வரை ஏற்றுங்கள். வழக்கமான நாட்களில் எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பதைக் காரின் கையேடு சொல்லும், அதையே பின்பற்றுங்கள்.

உத்தரவாதம்: பேட்டரிக்கு முதல் உரிமையாளரின் சொந்தப் பயன்பாட்டில் ஆயுள் முழுக்க, கார் கைமாறினால் 10 ஆண்டு அல்லது 2 லட்சம் கிலோமீட்டர் என்று நிறுவனம் அறிவித்தது. கையெழுத்துப் போடும் முன் எழுத்தில் கேட்க வேண்டியது ஒன்று: கொள்ளளவு எத்தனை விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால் மாற்றித் தருவார்கள்? அந்த எண் இல்லாத உத்தரவாதம் செத்துப்போன பேட்டரிக்கு மட்டும்தான் பயன்படும்.

உடலும் டயரும்

அகலம் 1,907 மில்லிமீட்டர், கண்ணாடிகள் தவிர்த்து. அடுக்ககங்களில் வழக்கமான பார்க்கிங் கட்டம் 2.5 மீட்டருக்கு 5 மீட்டர். நடுவில் நிறுத்தினால் இரு பக்கமும் 30 சென்டிமீட்டர்கூட இல்லை. தூண் பக்கத்து இடம் என்றால் ஒரு பக்கம் இறங்க முடியாது. நீளத்தில் மிச்சம் 21 சென்டிமீட்டர். புக் செய்யும் முன் வீட்டு இடத்தை டேப் வைத்து அளந்து, சார்ஜ் போடும் துவாரம் காரில் எந்த மூலையில் இருக்கிறது, கேபிள் சுவரிலிருந்து அதுவரை எட்டுமா என்றும் பாருங்கள்.

கூரை பின்னால் சரியும் கூப்பே வடிவம். காற்றுக்கு நல்லது, உயரமானவர்களுக்குப் பின்சீட்டில் தலை தட்டலாம். வீட்டிலேயே உயரமானவரைப் பின்னால் உட்கார வைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். 663 லிட்டர் டிக்கியும் அகலத்தில் தாராளம், உயரத்தில் கட்டுப்பாடு.

207 மில்லிமீட்டர் இடைவெளி காலியான காருக்கு. ஐந்து பேரும் பெட்டியும் ஏறினால் சில சென்டிமீட்டர் அமுங்கும். சக்கர இடைவெளி நீளமாக இருப்பதால் கிராமத்துக் கூர்மையான வேகத்தடையில் நடு வயிறு உரசும் வாய்ப்பு உண்டு. அங்கே இருப்பது பேட்டரிப் பெட்டி. கொஞ்சம் சாய்வாக, மிக மெதுவாக ஏறுங்கள். பலமாக அடிபட்ட சத்தம் கேட்டால் தூக்கிப் பார்க்காமல் வேகச் சார்ஜ் போடாதீர்கள்.

டயர் 245/55 ஆர்19. மாற்றும்போது அளவைப் போலவே எடைக் குறியீட்டையும் பாருங்கள். 103 என்றால் ஒரு டயர் 875 கிலோ தாங்கும். அதைவிடக் குறைந்த குறியீட்டை மலிவாகக் கிடைக்கிறது என்று போட வேண்டாம். பின்சக்கர இழுப்பும் 380 டார்க்கும் சேர்ந்து பின் டயரைச் சீக்கிரம் தேய்க்கும். முன்பின் மாற்றிப் போடுவதைத் தள்ளிப்போடாதீர்கள். காற்று குறைந்தால் ஓட்டமும் குறையும். டிக்கித் தளத்தைத் தூக்கி ஸ்டெப்னி இருக்கிறதா, பஞ்சர் கிட் மட்டுமா என்று ஷோரூமிலேயே பாருங்கள். பக்கச்சுவர் கிழிந்த டயரைக் கிட் காப்பாற்றாது.

பாதுகாப்பில் இந்தக் கார் நன்றாகவே தேறியிருக்கிறது. பாரத் என்கேப் என்னும் இந்திய மோதல் பாதுகாப்புச் சோதனையில் பெரியவர்களுக்கு 32-க்கு 32, குழந்தைகளுக்கு 49-க்கு 45, ஐந்து நட்சத்திரம். முன்மோதல் சோதனை மணிக்கு 64 கிலோமீட்டரில் நடப்பது; 120-இல் போகிறவருக்கு அந்த நட்சத்திரம் அதே காப்பு தராது. பின்சீட்டு பெல்ட் போட்டால்தான் எந்த மதிப்பெண்ணுக்கும் அர்த்தம்.

பிரேக் டிஸ்க் பற்றிப் பலரும் சொல்வதில்லை. மோட்டாரே பெரும்பாலும் காரை நிறுத்துவதால் டிஸ்க்குக்கு வேலை குறைவு. சென்னை, தூத்துக்குடி போன்ற உப்புக்காற்று ஊர்களில் துரு பிடிக்கும். வாரம் ஒருமுறை, பின்னால் வண்டி இல்லாத சாலையில் நன்றாக அழுத்திப் பிரேக் பிடித்தால் துரு உரிந்துவிடும்.

12 வோல்ட் சின்ன பேட்டரியும் இந்தக் காரில் உண்டு. பெரிய பேட்டரி 79 யூனிட் நிரம்பியிருந்தாலும் சின்னது இறந்தால் கார் கண் திறக்காது, ஏனென்றால் பெரிய பேட்டரியின் இணைப்பை மூடும் ரிலே அதில்தான் ஓடுகிறது. கைப்பிடி உள்ளே மடங்கும் வகை என்பதால், கரண்டு இல்லாதபோது கதவைச் சாவியால் எப்படித் திறப்பது என்று டெலிவரி அன்றே செய்து காட்டச் சொல்லி, வீட்டில் ஓட்டும் எல்லாரும் ஒருமுறை செய்து பாருங்கள்.

மழைநீர் விஷயத்தில் மட்டும் எந்தச் சலுகையும் வேண்டாம். ஐபி67 என்று பட்டியலில் கண்டால் அதன் பொருள், ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் வைத்தாலும் உள்ளே நீர் புகாது என்பது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையில் கார்கள் மூழ்கிக் கிடந்தது மணிக்கணக்கில் மட்டுமல்ல, பல தெருக்களில் நாள்கணக்கில். எச்சரிக்கை வந்ததும் காரை மேட்டுக்கு ஏற்றுங்கள், சுவர்ச் சார்ஜரின் எம்சிபியை இறக்குங்கள். சார்ஜரையே தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் பொருத்தியிருந்தால் அதுவும் தப்பும். தப்ப முடியாமல் கார் மூழ்கிவிட்டால், தண்ணீர் வடிந்ததும் ஸ்டார்ட் செய்யாதீர்கள், சார்ஜ் செருகாதீர்கள், வீட்டையொட்டி நிறுத்தாதீர்கள். நான்கு சக்கரமும் தரையைத் தொடாமல் தட்டு வண்டியில் ஏற்றிச் சர்வீஸுக்கு அனுப்புங்கள். பின்சக்கரம் உருண்டால் மோட்டாரும் சுழன்று மின்சாரம் பிறக்கும்.